தாங்கல்: பஃபருக்கு ஒரு தமிழ்ப் பெயர்

கூத்தாநல்லூர்ப் பக்கத்து வயல் மண் பரிசோதனைக்குப் போனால், 20 கிராம் மண்ணை 50 மில்லி நீரில் கலக்கி, பி.எச். மீட்டரின் கண்ணாடி எலக்ட்ரோடை அதில் நனைப்பார்கள். அதற்கு முன் 4, 7, 9.2 என பி.எச். நிலையாக நிற்கும் கரைசல்களில் மீட்டரைச் சரிபார்ப்பார்கள். அந்தக் கரைசலுக்குப் பெயர் பஃபர். எலக்ட்ரோடுக்கும் மீட்டருக்கும் நடுவே உள்ள சிறு பெருக்கிச் சுற்றுக்கும் பஃபர் என்றே பெயர்.

இந்தச் சொல்லின் வேர் ஓசையில் இருக்கிறது. மெத்தென்று விழும் அடியின் சத்தத்தை ஆங்கிலத்தில் 'பஃப்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில், ரயில் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டும்போது அதிர்வை வாங்கிக்கொள்ளும் உறுப்புக்கு அதிலிருந்து 'பஃபர்' என்ற பெயர் வந்தது. 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பி.எச். அளவை வகுத்த சோரன்சன், அமிலமோ காரமோ சேர்ந்தாலும் எளிதில் நிலை மாறாத கரைசலுக்கு இப்பெயரை ஆண்டார். பிறகு வானொலிக்காரர்கள் அதைப் பெருக்கிக்குச் சூட்டினார்கள். நெல்லையும் அந்தச் சொல் விடவில்லை. பஞ்ச காலத்துக்கென்று இந்திய உணவுக் கழகம் காக்கும் இருப்புக்குப் பெயர் 'பஃபர் ஸ்டாக்'.

தமிழில் வேதியியல் பாடநூல்கள் இதைத் 'தாங்கல் கரைசல்' என்கின்றன. கணினித் துறை 'இடையகம்' என்கிறது. பெருக்கிக்கு எது பொருந்தும்? அது செய்யும் வேலையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கண்ணாடி எலக்ட்ரோடின் மின்தடை 10 கோடி ஓம் அளவில் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பி.எச். வித்தியாசத்துக்கு அது தருவது சுமார் 59 மில்லிவோல்ட்தான். பி.எச். 8.5 உள்ள களர் மண்ணில், நடுநிலையான 7இலிருந்து கணக்கிட்டால் 89 மில்லிவோல்ட் வரவேண்டும். 1 கோடி ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட சாதாரண மல்டிமீட்டரில் நேரே மாட்டினால் அதில் பதினொன்றில் ஒரு பங்கே, அதாவது 8 மில்லிவோல்ட்தான், தெரியும். கணக்குப் போட்டால் பி.எச். 7.1! ஜிப்சம் கேட்கும் நிலம் நல்ல நிலமாகத் தெரிந்துவிடும்.

எலக்ட்ரோடு பொய் சொல்லவில்லை. மீட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் கொடுக்க முடியவில்லை. நடுவில் வைக்கும் பஃபரின் உள்ளீட்டுத் தடை 1 லட்சம் கோடி ஓம் வரை இருக்கும். வந்த மின்னழுத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மறுபக்கம் தரும். மீட்டர் கேட்கும் மின்னோட்டத்தைத் தன் மின்கலத்திலிருந்து கொடுக்கும். பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

'இடையகம்' என்றால் அது இருக்கும் இடம் மட்டும் தெரிகிறது. 'பஃபர்' என்றால் அடி நினைவுக்கு வருகிறது. இங்கே அடி எதுவும் இல்லை, பளுதான் உண்டு. பளுவை ஏற்பதற்குத் தமிழில் 'தாங்கு' என்றே சொல்கிறோம். வந்த நீரை ஏற்று நிறுத்தும் ஏரிக்கும் தொண்டை நாட்டில் தாங்கல் என்று பெயர்; வேடந்தாங்கல் நாம் அறிந்ததே. மெலிந்த எலக்ட்ரோடுக்காகப் பளுவை ஏற்கும் கருவியைத் 'தாங்கற்பெருக்கி' என்போம். பெயரைக் கேட்ட மாணவருக்கு, அந்தச் சுற்று அங்கே எதற்கு இருக்கிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.