அருவிக்குப் பின்னும் ஓடும் ஆறு

குற்றாலத்தை அறியாத தமிழர் இலர். ஆனால், அருவியாய் விழுந்த நீர் பின்னர் எங்கே செல்கிறது எனக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, இடையே பொங்குமாகடலில் தங்கி, நம் தலையை நனைக்கும் பேரருவி உண்மையில் ஓர் ஆற்றின் இளமைப் பருவமே. சிற்றாறு என்பது அதன் பெயர். தென்காசியைத் தொட்டு, வீரகேரளம்புதூர் அருகே அனுமன் நதியைச் சேர்த்துக்கொண்டு, சுமார் 80 கிலோமீட்டர் நடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

இவ்வாற்றின் சிறப்பை உணர மலையைச் சற்று நோக்க வேண்டும். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து, ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அவ்வழியே புகுந்து, தென்காசியில் சாரலாய்த் தூவுகிறது. கிழக்கே செல்லச் செல்ல மழை குன்றிக் காற்று மட்டுமே வீசும். அங்குள்ள வயல்களுக்கு வானம் இரங்குவது அக்டோபருக்குப் பின்னரே. மலையில் மழையும் சமவெளியில் வெயிலுமாக இருக்கும் அந்நாள்களில், மலை பெற்றதைச் சமவெளிக்குக் கொண்டு சேர்ப்பதே சிற்றாற்றின் பணி.

ஆனால் ஆறு தானாக வயலுக்குள் வருவதில்லை. குறுக்கே அணைக்கட்டு எழுப்பி, கால்வாய் வெட்டி, குளத்தில் தேக்கி, மடை வழியே பங்கிட்டவர்கள் நம் முன்னோர். இப்படுகையில் அமைந்த மானூரில் கி.பி. 800ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பெற்ற பாண்டியர் கல்வெட்டு, ஊர்ச் சபையில் அமர்வதற்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கும் நூறாண்டு முந்தியது இது. அச்சபை நிலமுடைய வேதியர்க்கே உரியதாயிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சேற்றில் நின்றவர்களுக்கு அங்கே இருக்கை இல்லை.

அவர்களுக்கு இடமளித்தது இலக்கியமே. ஆற்றின் தலைப்பகுதியில், 18ஆம் நூற்றாண்டில், திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடி, மலைக்குறத்தியைத் தலைமை மாந்தராக உயர்த்தினார். ஆற்றின் முடிவிலோ, சீவலப்பேரியாகிய முக்கூடலைக் களமாகக் கொண்டு, ஆசிரியர் பெயர் அறியப்படாத முக்கூடற்பள்ளு எழுந்தது. உழவுத் தொழிலாளியான பள்ளனின் குடும்பமும் வித்தும் மாடும் அதில் பாடுபொருளாயின. ஒரே ஆற்றின் இரு முனைகளில் எளியோரைப் பாடிய இரு நூல்கள் நின்று ஒளிர்வது சிந்திக்கத்தக்கது.

இடையில் நிற்கிறது தென்காசி. மதுரையை இழந்த பாண்டிய மரபினர் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலத்தில், பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். தனக்குப் பின் கோயிலைப் பேணிக் காப்பவர்களின் அடிகளைப் பணிவதாக அம்மன்னன் கல்லில் பொறித்து வைத்தான். கட்டியவனுக்கே, காப்பவன்தான் பெரியவன் என்னும் தெளிவு இருந்தது. சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது.

எல்லைகளும் மாறியவண்ணம் இருந்தன. 1904இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இரயில் பாதை இணைத்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அவ்வட்டத்தின் மேற்கு மலைப்பகுதி கேரளத்தில் தங்கிற்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆற்றின் தலை ஒரு மாவட்டம், கடைமடை மற்றொரு மாவட்டம் என்றாயிற்று. எனினும் மானூர்க் குளம் இன்றும் மலையையே எதிர்நோக்குகிறது.

துணையாறுகளில் 132 அடி உயர அடவிநயினார் அணையும், 36 அடி குண்டாறு அணையும் உள்ளன. எனினும் கால்வாய் தூர்ந்தால் அணை நிறைந்தும் பயனில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையில் தென்மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. 2024 மே மாதம், பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. பெருக்கெடுக்கும் நாளில் அஞ்சுகிறோம். வற்றும் நாளில் கடைமடை உழவர் மனுவோடு நிற்கின்றனர். இரு துயருக்கும் மருந்து ஒன்றே: காட்டைக் காத்தல், கால்வாயைத் தூர்வாரல், குளத்தை ஆக்கிரமிக்காதிருத்தல்.

ஆண்டுதோறும் சாரல் காலத்தில் அருவிக்குச் செல்லும் நாம், எண்ணெயும் சீயக்காயும் நெகிழி உறைகளும் விட்டு வருகிறோம். அவை எங்கோ மறைந்துபோவதில்லை. கீழே யாரோ ஒருவருடைய மடைக்குப் போய்ச் சேருகின்றன. அவரை நாம் கண்டதில்லை. ஆயினும் ஒரே நீரைப் பகிர்வதால் அவர் நமக்கு அயலார் அல்லர். நமக்குப் பின் வருவோரை வணங்கிய மன்னனின் ஊரில், நமக்குக் கீழே வாழ்வோரை நினைக்கவாவது நாம் கற்றுக்கொள்வோமாக.