அந்த ஒரு நட்டு

என் நண்பர் ஒருவரிடம் 1965-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. கார் அவரிடம் இருக்கிறது என்பதைவிட, அவர் காரிடம் இருக்கிறார் என்று சொல்வதே பொருத்தம். தகப்பனார் வாங்கிய வண்டி. விற்க மனமில்லை, தைரியமாக ஓட்டவும் முடியவில்லை. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் 'கடக்' என்று ஒரு சத்தம். சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்சக்கரத்து ஸ்பிரிங்கையும் அதைச் சேர்ந்தவற்றையும் வீட்டு வாசலிலேயே கழற்றிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். எடுபிடி வேலைக்கு நான்.

நடந்ததைச் சொல்லுமுன், அந்த ஸ்பிரிங்கின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் ஸ்பானரை எடுத்ததுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதன் முன்பக்கம் குதிரை வண்டியின் ஜாடையில்தான் இருந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே இரும்பு அச்சு. அதன்மேல் பட்டை பட்டையாக அடுக்கிய வில். இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது சக்கரமும் சேர்ந்து சாயும். வேகம் கூடக் கூட, முன்சக்கரங்கள் குளிர் ஜுரம் கண்டவனைப் போல் உதறத் தொடங்கின. ஒன்றின் கஷ்டம் மற்றொன்றைத் தொடாமல் இரண்டையும் பிரித்துவிடுவதுதான் பரிகாரம் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. 1922-ல் இத்தாலியின் லான்சியா லாம்டா அப்படி வந்தது. 1934-ல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் காடிலாக் கார்களில் சுருள் ஸ்பிரிங்குகளை வைத்து இந்த முறையைப் பிரபலப்படுத்தியது. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு அங்கே போன மாரிஸ் ஆலி என்ற எஞ்ஜினீயருக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

அந்த வம்சத்தில் வந்ததுதான் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்தது. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைத் தயாரித்தது. முன்மூடியை அப்படியே முன்னால் கவிழ்த்துவிட்டால் எஞ்ஜின், ஸ்பிரிங், ஸ்டீரிங் யாவும் கண்ணெதிரே நிற்கும். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். வீட்டு வாசலில் வைத்து வேலை செய்ய இதைவிட வசதியான கார் அபூர்வம். ஆனால் வசதி வேறு, அபாயமின்மை வேறு.

நண்பர் ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். அடியில் முட்டுக் கொடுக்க நான் நாலு செங்கற்களைக் கொண்டுவந்தேன். அந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து மேஸ்திரி எழுந்து வந்தார். நாற்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவர்.

"தம்பி, செங்கல் சுவருக்குத்தான். பாரம் ஏறினால் சொல்லாமல் பிளக்கும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை" என்றார்.

அவரே வீட்டிலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் கொண்டுவந்தார். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். வண்டியை இறக்கி, சக்கர நட்டுக்களைத் தரையிலேயே இளக்கச் சொன்னார். மறுபடி தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டைக் கொடுத்து, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்ற விட்டார்.

ஸ்பிரிங் தெரிந்தது. அதன் நடுவே ஷாக் அப்சார்பர். உச்சியில் ஓரமாக மூன்று நட்டுக்கள். நட்ட நடுவில் ஒன்று. நண்பர் நடு நட்டில் ஸ்பானரைப் பொருத்திவிட்டார். முகம் ஸ்பிரிங்குக்கு நேர் மேலே.

மேஸ்திரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அதை மட்டும் தொடாதீங்க. அது நட்டு இல்லை தம்பி, பூட்டு."

விஷயம் இதுதான். ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ. ஒவ்வொரு முன்சக்கரத்தின் மேலும் சுமார் 200 கிலோ பாரம். ஸ்பிரிங் சக்கரத்துக்கு உட்புறமாகத் தள்ளி நிற்பதால் அது தாங்குவது அதைவிட அதிகம். சக்கரத்தைத் தூக்கிவிட்டாலும் ஸ்பிரிங் முழுவதும் விரிந்துவிடுவதில்லை. அந்த நடு நட்டுத்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. ஓரத்து மூன்று நட்டுக்களையும் கீழே உள்ள போல்ட்டையும் எடுத்தால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக, சாதுவாக வெளியே வரும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியைப் பூட்டிச் சுருளை இறுக்கிய பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தோடு தெறிக்கும். மேஸ்திரியின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். வேறொரு வண்டி, இருபது வயது, அவசரம் என்று மூன்றே வார்த்தையில் சொல்லி முடித்தார்.

'கடக்' சத்தத்துக்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு ரப்பர் புஷ். அற்ப விஷயம். ஆனால் மேஸ்திரி அதோடு விடவில்லை. கீழே இருந்த ட்ரனியனைக் கழற்றிக் காட்டினார். அது மரையுள்ள ஒரு பித்தளைத் துண்டு. சக்கரம் திரும்பும்போதெல்லாம் ஓர் எஃகுத் தண்டு அதற்குள் திருகித் திரும்புகிறது. அதற்குக் கியர் எண்ணெய் விட வேண்டும் என்று கம்பெனிக் கைப்புத்தகமே சொல்கிறது. ஆனால் கிரீஸ் அடித்தே பழகிய கைகள் அங்கேயும் கிரீஸையே அடித்திருந்தன. அது உள்ளே கட்டியாகிவிட்டது; தண்ணீர் புகுந்து மரையில் துரு ஏறியிருந்தது. தண்டு முறிந்தால் ஓடுகிற வண்டியின் சக்கரம் மடிந்துவிடும்.

சத்தம் போட்டது ரப்பர். சத்தமே போடாமல் காத்திருந்தது இது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் போய்வரலாம் என்று நண்பர் அடுத்த வாரத்துக்குத் திட்டம் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

புதுத் தண்டும் ட்ரனியனும் போட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகே புஷ் போல்ட்டுக்களைக் கடைசியாக முறுக்க வைத்தார் மேஸ்திரி. காசு வாங்கவில்லை. "எதையும் கழற்றுமுன், இது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு தரம் யோசியுங்கள் தம்பி. அது போதும்" என்றார்.

இப்போது நண்பர் வீட்டுக் காலண்டரில் ட்ரனியனுக்கு எண்ணெய் விட வேண்டிய நாட்களெல்லாம் சிவப்பு மையில் குறித்திருக்கின்றன. மகாபலிபுரத்துக்கு இரண்டு தரம் போய்வந்துவிட்டார்கள்.