ஆட்டோகேடுக்குள் ஒரு ஆடிட்டர்

பி.காம். படிப்பவனுக்கு ஆட்டோகேடில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை ஒன்றும் இல்லைதான். சிவில் படிக்கும் நண்பன் ஒருவன், அடிக்கடி சிக்கி நின்ற ஒரு டிராயிங்கைச் சரிசெய்ய 'ஆடிட்' என்று டைப் செய்வதைப் பார்த்தேன். கோடு போடும் மென்பொருளில் தணிக்கை எதற்கு? அந்த ஒரு வார்த்தைக்காகத் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

டிரேசிங் ஷீட்டில் வரைந்த காலத்தில் மை கொட்டினால் கொட்டிய இடம் மட்டும்தான் போகும். ஓரம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். கணினிக் கோப்பு அப்படி இல்லை. பத்தாயிரம் கோடுகளும் நன்றாகவே இருக்கும், ஆனால் எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிறு பகுதி கெட்டுவிட்டால் மொத்தப் படமும் திறக்காது. பேரேட்டில் எல்லாக் கணக்கும் இருந்து, பொருளடக்கப் பக்கம் மட்டும் தொலைந்ததுபோல.

ஐவன் சதர்லண்ட் 1963-ல் எம்.ஐ.டி.யில் 'ஸ்கெட்ச்பேட்' செய்து திரையில் வரைய முடியும் என்று காட்டினார். ஆனால் அதற்கு ஓர் அறையை அடைக்கும் கணினி வேண்டும். இது சாதாரண மேஜைக்கு வந்தது 1982-ல். அந்த ஆண்டு ஜான் வாக்கரும் நண்பர்களும் கலிஃபோர்னியாவில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைக் ரிடில் என்பவர் முன்பே எழுதி வைத்திருந்த 'இன்டராக்ட்' என்ற நிரலிலிருந்து ஆட்டோகேட் பிறந்தது. (ஆட்டோடெஸ்க் என்பது அவர்கள் செய்ய நினைத்த வேறொரு அலுவலக மென்பொருளின் பெயர். அது காணாமல் போய்விட்டது, பெயர் மட்டும் கம்பெனிக்கு நின்றுவிட்டது!)

மேஜைக்கு வந்ததோடு மேஜைக்கணினியின் தொல்லைகளும் வந்தன. ஃப்ளாப்பி கெடும், கரண்ட் போகும், நிரல் பாதியில் நின்றுவிடும். இதற்கு இரண்டு காவல் வைத்தார்கள். ஒன்று பி.ஏ.கே. கோப்பு. நீங்கள் சேமிக்கும்போது பழைய படம் அழியாமல் இந்தப் பெயரில் ஒதுங்கி நிற்கும். பெயரின் கடைசி எழுத்துகளை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றினால் அது மறுபடியும் டிராயிங் ஆகிவிடும். இன்னொன்று எஸ்.வி. டாலர் என்று முடியும் தானியங்கிச் சேமிப்புக் கோப்பு. குறித்த நேரத்துக்கு ஒருமுறை மென்பொருளே எழுதிக்கொள்ளும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? 1990களின் பதிப்புகளில், யாரும் மாற்றாவிட்டால், 120 நிமிடம்! காலையில் வந்து வரைய உட்கார்ந்தவர் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி வரைந்து, அப்போது கரண்ட் போனால் அரை நாள் உழைப்பு போச்சு. பிற்காலப் பதிப்புகளில்தான் இதை 10 நிமிடமாகக் குறைத்தார்கள். அன்றைய கணினிகளின் வேகத்துக்குச் சேமிப்பதே ஒரு இடைஞ்சல் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சரி, நம்ம ஆடிட்டருக்கு வருவோம். ஆடிட், ரெக்கவர் இரண்டும் 1990களின் தொடக்கத்திலேயே ஆட்டோகேடில் இருந்த கட்டளைகள். திறந்திருக்கும் படத்தைச் சோதிப்பது ஆடிட். திறக்கவே மறுக்கும் படத்தைச் சோதித்துக்கொண்டே திறக்கப் பார்ப்பது ரெக்கவர். ஆடிட் நாம் கேட்டால் ஏ.டி.டி. என்ற பெயரில் ஓர் அறிக்கையும் எழுதித் தரும். ஆடிட் ரிப்போர்ட்டேதான் :) ஆனால் ஒரு விஷயம். சரிசெய்ய முடியாத பொருளை அது நீக்கிவிடும். வாராக்கடனை ரைட்-ஆஃப் செய்வதுபோல. கணக்கு நேராகிவிடும், பணம் திரும்பாது. "படம் திறந்துவிட்டது" என்று மகிழ்வதற்கு முன் படிக்கட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இதைவிட சுவாரசியம் கோப்பின் உள்ளே நடந்தது. டி.டபிள்யூ.ஜி. எப்படி எழுதப்படுகிறது என்பதை ஆட்டோடெஸ்க் வெளியிடவில்லை. டி.எக்ஸ்.எஃப். என்ற இன்னொரு வடிவத்தைத்தான் வெளியிட்டது. அது வெறும் எழுத்தாகவும் கிடைக்கும், அதனால் கெட்டுப்போனால் நோட்பேடில் திறந்து கையாலேயே திருத்தலாம். டி.டபிள்யூ.ஜி. அப்படி இல்லை, பூட்டிய பெட்டி. 1998-ல் மற்ற நிறுவனங்கள் சேர்ந்து 'ஓபன்டிடபிள்யூஜி அலையன்ஸ்' அமைத்து, பைட் பைட்டாகப் பிரித்துப் படித்து விவரத்தை வெளியிட்டன. 1994-ல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் கோப்பின் தலைப்புத் தகவல்களில் சில கடைசியில் இரண்டாம் முறையும் எழுதப்பட்டிருந்தது இப்படி வெளியே தெரிந்தது. முன்பக்கம் கெட்டால் பின்பக்கத்தில் ஒரு நகல். கூடவே பகுதிக்குப் பகுதி சரிபார்ப்பு எண்களும் இருந்தன.

சரிபார்ப்பு எண் என்பது டிரயல் பேலன்ஸ் மாதிரி. டேலி ஆகவில்லை என்று சொல்லும், எந்த என்ட்ரி தப்பு என்று சொல்லாது. ஆட்டோகேட் 2007-ன் கோப்பு வடிவத்தில் ஒரு படி மேலே போனார்கள். ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960-ல் கண்டுபிடித்த முறையைச் சேர்த்தார்கள். கீறல் விழுந்த சி.டி. பாடுவதும் இந்த முறையால்தான். கோப்பின் தலைப்பில் 255 பைட் கொண்ட ஒவ்வொரு கட்டிலும் 239 உண்மைத் தகவல், மீதி 16 திருத்துவதற்கு. கட்டுக்கு 8 பைட் வரை கெட்டாலும், எது தப்பு, சரியான எண் எது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். என்ன ஒரு ஏற்பாடு! ஆனால் 2010-ன் வடிவத்தில் இதைக் கைவிட்டு, 2004-ல் இருந்த அமைப்பை ஒட்டியே போய்விட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு வழக்கும் உண்டு. தன் மென்பொருளில் சேமித்த படம்தான் நம்பகமானது என்று ஆட்டோடெஸ்க் கோப்புக்குள் ஒரு முத்திரை வைத்தது. அலையன்ஸ் (அதற்குள் அதன் பெயர் ஓபன் டிசைன் அலையன்ஸ்) அந்த முத்திரையைத் தன் நிரலிலும் போட, 2006 நவம்பரில் ஆட்டோடெஸ்க் வழக்குத் தொடுத்தது. 2007-ல் அலையன்ஸ் அதை நீக்கிவிட, வழக்கு முடிந்தது. வியாபாரக் கண்ணில் ஆட்டோடெஸ்க் செய்தது புரிகிறது. ஆனால் படம் வரைந்தவருடையது. அதைத் திறக்கும் வழி ஒரே கடையில் மட்டும் இருப்பது, லாக்கர் சாவியை வங்கி மட்டும் வைத்திருப்பதுபோல.

ஆட்டோகேட் 2006-ல் ரெக்கவரி மேனேஜர் வந்தது. மென்பொருள் நடுவில் விழுந்தால், மறுமுறை திறக்கும்போது மூலப்படம், பி.ஏ.கே., எஸ்.வி. டாலர் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும், பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மூடும்போது "சேமிக்கவா?" என்ற கேள்விக்கு அவசரத்தில் 'நோ' அழுத்தினால் இது உதவாது. முறையாக மூடியதாகக் கருதி எஸ்.வி. டாலர் கோப்பை ஆட்டோகேடே அழித்துவிடும். பிறகு டெம்ப் ஃபோல்டரில் அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்க்கவேண்டியதுதான், அதுவும் அந்த இடத்தில் வேறு கோப்பு எழுதப்படுவதற்கு முன்.