மிதி வானொலி முதல் கைப்பேசி வரை

பள்ளிக்கூடம் என்றதும் நம் கண்முன் வருவது ஒரு கட்டடம். அதனுள் ஒரு கரும்பலகை. அதன் அருகே ஓர் ஆசிரியர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அந்தக் கட்டடத்தைப் பூட்டினோம். கரும்பலகை ஓரிடம், பிள்ளைகள் வேறிடம் என்றாயிற்று. அந்த நாள்களில் நம் தோட்டத்துப் பெற்றோர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: "ஐயா, எந்தக் கைப்பேசி நல்லது? எதை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை படிக்கும்?" கடன் பட்டாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் கேட்ட கேள்வி அது. அவர்களுக்கு அன்று எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையை எப்படிப் பிரித்து எழுதுவது என்று கற்றோமே தவிர, பிள்ளையைக் காணாமல் எப்படிக் கற்பிப்பது என்று கற்கவில்லை.

ஆனால், இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. தொலைவில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்ல எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்று நமக்கு வெகுகாலம் முன்பே பலர் திண்டாடியிருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய கதையை இன்று பார்ப்போம்.

முதலில் ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். அந்நாட்டின் நடுப்பகுதி வறண்ட நிலம். அங்கே மாடு வளர்க்கும் பண்ணைகள் உண்டு. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூறு மைல் இருந்தாலும் வியப்பில்லை. நம் தோட்டத்தில் உடம்புக்கு முடியவில்லை என்றால் டிஸ்பென்சரிக்கு ஓடலாம். அங்கே ஓடுவதற்கு இடமே இல்லை. இதைப் பார்த்து மனம் வருந்திய ஜான் பிளின் என்ற பாதிரியார் முயன்று, 1928இல் குளோன்கரி என்ற ஊரில் விமானத்தில் பறந்து செல்லும் மருத்துவர் சேவையைத் தொடங்கி வைத்தார். விமானம் இருந்தது, மருத்துவரும் இருந்தார். ஆனால், பண்ணையில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கிறார் என்ற செய்தி மருத்துவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அங்கேதான் ஆல்பிரட் டிரேகர் வருகிறார். அடிலெய்டு நகரத்தைச் சேர்ந்த பொறியியல் வல்லுநர். மின்சாரம் இல்லாத பண்ணையில் செய்தி அனுப்பும் வானொலியை இயக்குவது எப்படி? கையால் சுற்றினால் செய்தியைத் தட்டக் கை மிச்சமில்லை. டிரேகர் சைக்கிளின் மிதிகளை எடுத்து மின்னாக்கியோடு இணைத்தார். காலால் மிதித்தால் மின்சாரம் வரும். கைகள் ஓய்வாக இருக்கும். 1929இல் இந்த மிதி வானொலி பண்ணை வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. தொடக்கத்தில் அதில் பேச முடியாது. மோர்ஸ் குறியில் தட்டித்தான் அனுப்ப வேண்டும். பண்ணை வீட்டுப் பெண்களுக்கு அந்தக் குறி தெரியாது. "கற்றுக்கொள்ளுங்கள்" என்று டிரேகர் அவர்களை விரட்டவில்லை. தட்டச்சுப் பொறியைப் போல எழுத்துப் பலகை ஒன்றைச் செய்து கொடுத்தார். எழுத்தை அழுத்தினால் குறி தானாகப் போகும். ஆளைக் கருவிக்குத் தக்கபடி மாற்றாமல், கருவியை ஆளுக்குத் தக்கபடி மாற்றினார் அந்த மனிதர். சில ஆண்டுகளில் குரலும் போகத் தொடங்கியது.

நேயர்களே, இதுவரை சொன்னதில் பள்ளிக்கூடம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வானொலி வந்தது நோய்க்காக. பள்ளி பின்னால் வந்தது. அடிலெய்டு மீத்கே என்ற அம்மையார் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர்; பறக்கும் மருத்துவர் சேவையிலும் பங்கு கொண்டவர். பண்ணைப் பிள்ளைகள் கூச்சமின்றி வானொலியில் பேசிப் பழகியிருப்பது அவர் கண்ணில் பட்டது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவி, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கைவந்த கருவி. இதிலேயே பாடம் நடத்தினால் என்ன என்று கேட்டார். 1951ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்சில் "வான்வழிப் பள்ளி" தொடங்கியது. முதலில் ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டார்கள், அவ்வளவுதான். அது போதவில்லை என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளைகள் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் நேரம் ஒதுக்கினார்கள். எழுத்து வேலை முழுவதும் அஞ்சல்வழி வந்த தாள்களில் நடந்தது. கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர் பெரும்பாலும் தாயார். பாடத்தின் பாரத்தைத் தாள் சுமந்தது. ஆசிரியரின் குரலை வானொலி சுமந்தது. அந்தப் பள்ளி அரை நூற்றாண்டுக் காலம் வானொலியிலேயே நடந்து, அதன் பிறகுதான் செயற்கைக்கோள் இணையத்துக்கு மாறியது.

தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும் இதைப் போன்ற ஒரு முயற்சி நடந்தது. 1947இல் சுத்தாதென்சா என்ற மலைக் கிராமத்தில் சல்செடோ என்ற இளம் பாதிரியார் ஒரு சிறிய வானொலி நிலையம் வைத்து, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களுக்குப் பாடம் நடத்தினார். அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடுவார்கள். அவர்களுள் ஓரளவு படித்த ஒருவர் துணையாக இருந்து, வானொலி சொல்வதைப் பலகையில் எழுதிக் காட்டுவார். கையில் ஒரு சிறு பாடநூல். எழுதக் கற்றவர்கள் நிலையத்துக்குக் கடிதம் போட்டார்கள், இலட்சக்கணக்கில் போட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பசிபிக் கடலிலுள்ள அமெரிக்க சமோவாத் தீவுகளில் 1964இல் தொலைக்காட்சிக் கல்வியைத் தொடங்கினார்கள். ஆறு அலைவரிசைகள்! நம்மிடம் அப்போது தொலைக்காட்சி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. படப்பிடிப்புக் கூடத்து ஆசிரியர் முக்கியப் பாடத்தை நடத்துவார்; வகுப்பில் இருக்கும் உள்ளூர் ஆசிரியர் அதற்குத் துணை செய்வார். சின்னப் பிள்ளைகளுக்குச் சில நன்மைகள் கிட்டியது உண்மை. ஆயினும் பெரிய மாணவர்களுக்குச் சலிப்புத் தட்டியது. உள்ளூர் ஆசிரியர்கள், "எங்கள் வகுப்பை எங்களிடம் கொடுங்கள்" என்ற மனநிலைக்கு வந்தார்கள். எழுபதுகளில் தொலைக்காட்சி துணைக்கருவி என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. கருவியில் குறையில்லை. பிள்ளை ஒன்று கேட்டால் பெட்டி திரும்பிப் பார்க்காது, அதுதான் குறை.

நம் நாட்டுக்கு வருவோம். கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் மாதம் தொடங்கியது. நாங்கள் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் பெட்டிக்கு இரண்டு கதவுகள், ஒரு பூட்டு. சாவி தலைமையாசிரியர் சட்டைப்பையில். அறிவியல் பாடத்தன்று அது திறக்கப்படும் சத்தமே எங்களுக்குத் திருவிழா. என்ன பார்த்தோம் என்பது இன்று அவ்வளவாக நினைவில்லை, பூட்டுத்தான் நினைவிருக்கிறது.

பின்னர் 2011இல் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும், இணையத்தில் ஒரு கற்றல் தளமும் தருவது நோக்கம். மதிப்பிட்ட செலவு நானூறு கோடி வெள்ளிக்கு மேல். 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? அந்தத் தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் அன்றாடம் பயன்படுத்திய அளவு நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. பள்ளிகள் கூகுள் வகுப்பறைக்கு மாறின. அடுத்த ஆண்டே நோய் வந்தது.

அப்போது கல்வி அமைச்சு நாடு முழுதும் பெற்றோரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நூற்றுக்கு 36.9 மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. ஏறக்குறைய 46 பேரிடம் திறன்பேசி இருந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் தவறு செய்துவிட்டோம். காலை ஒன்பது மணிக்கு நேரலைக் காணொலி வகுப்பு என்று அறிவித்தோம். பத்தொன்பது பிள்ளைகளில் வந்தவர்கள் ஐவர். மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று மனத்துக்குள் திட்டியதை இன்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

உண்மை என்ன? கட்டுப்பாட்டுக் காலத்திலும் செம்பனை வெட்டு நிற்கவில்லை. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. காலைப் பெரட்டுக்குப் போகும்போது அது அப்பாவின் சட்டைப்பையில் போய்விடும். மாலையில் திரும்பி வந்தால் மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருப்பார்கள். இணையத் தரவும் காசுதான். குழுவாக நடக்கும் காணொலி வகுப்பு ஒரு மணி நேரத்தில் அரை கிகாபைட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஒரு நிமிடக் குரல் பதிவுக்கோ ஒரு மெகாபைட்டில் சிறு துண்டு போதும். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாடம் அனுப்புவதையே நிறுத்திவிட்டாள். பிறகு விசாரித்தால், வீட்டுக் கைப்பேசியை விற்று அரிசி வாங்கியிருக்கிறார்கள். புதுத் தளம், புதுச் செயலி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் அது நடந்திருக்கிறது. அவள் பள்ளி திறந்ததும் திரும்பி வந்தாள். இரண்டு பேர் வரவில்லை.

அதன் பிறகுதான் ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர்கள் செய்ததை எங்களுக்குத் தெரியாமலேயே நாங்களும் செய்தோம். நேரலையை விட்டோம். ஏற்கெனவே எல்லாரும் பழகியிருந்த புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், பாடத்தைச் சிறு குரல் பதிவுகளாக அனுப்பினோம். பயிற்சித் தாள்களை அச்சிட்டுத் தோட்டத்துக் கடையில் ஒரு கூடையில் வைத்தோம். திங்களன்று எடுத்துப் போவார்கள், வெள்ளியன்று திருப்பி வைப்பார்கள். கைப்பேசியே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் தாள் கிடைத்தது. பதில் சொல்லக் காலக்கெடு காலையில் இல்லை, இரவு பத்து மணி. வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத ஒரு பையன், இரவு ஒன்பதரைக்குத் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தோடு பாடம் வாசித்து அனுப்பினான். நடுவே அவன் அம்மா ஒரு சொல்லைத் திருத்துவதும் கேட்டது. அதை நாங்கள் மூன்று முறை கேட்டோம்.

தொலைக்காட்சிப் பாடங்களும் அப்போது வந்தன. 2020 ஏப்ரலில் தொடங்கி, 2021 பிப்ரவரியில் அதற்கென்றே டிடிக் டிவி என்ற அலைவரிசையும் வந்தது. பயன் இருந்தது, ஆனால் நம் பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிட அதற்குத் தெரியாதல்லவா?

இன்றும் ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம், எந்தக் கைப்பேசி என்று கேட்பதில்லை. வீட்டில் எத்தனை இருக்கிறது, எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும், அக்கம்பக்கத்தில் படித்தவர் யார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். பேத்தியைச் சேர்க்க வந்த ஒரு பாட்டி, கைப்பேசிக் கணக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "வானொலிப் பெட்டி ஒன்னு இருக்குங்கய்யா, அதையும் எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டோம்.