திகம்பர சாமியார்

திகம்பர சாமியார் 1950 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த இப்படத்தை டி. ஆர். சுந்தரம் இயக்கினார். இது வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் புதினமான "கும்பகோணம் வக்கீல்" என்பதன் திரைவடிவம் ஆகும்.

கதைச் சுருக்கம்

கும்பகோணத்தில் செல்வாக்கு மிக்க வழக்கறிஞர் ஒருவர் வடிவாம்பாள் என்னும் இளம்பெண்ணைக் கடத்தி மறைத்து வைக்கிறார். அவளைத் தேடும் பணியைத் திகம்பர சாமியார் மேற்கொள்கிறார். பல மாறுவேடங்களில் உளவறியும் அவர், வழக்கறிஞரைத் தொடர்ந்து பல இரவுகள் உறங்கவிடாமல் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளை நடத்துகிறார். உறக்கமின்மையால் மனக்கட்டுப்பாடு தளரும்போது மறைத்த உண்மை வெளிப்படும் என்பதே இவ்வுத்தியின் அடிப்படை. குற்றவாளியைத் தண்டிப்பதைக் காட்டிலும், காணாமற்போன பெண்ணைக் காலம் கடக்குமுன் மீட்பதே கதையின் மையமாகும்.

நடிப்பு

எம். என். நம்பியார் முதன்மைப் பாத்திரமேற்று, 11 வேடங்களில் தோன்றினார். பிற்காலத்தில் எதிர்நாயகனாகவே அறியப்பட்ட அவர், இதில் நீதியின் பக்கம் நின்றவராக நடித்தமை குறிப்பிடத்தக்கது. வடிவாம்பாளாக எம். எஸ். திரௌபதி நடித்தார். இசையமைத்தவர்களுள் ஜி. ராமநாதனும் ஒருவர்.

மூலக்கதை ஆசிரியர்

துரைசாமி ஐயங்கார் (1880–1942) அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரைச் சேர்ந்தவர். அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. இவரது "மேனகா" புதினமும் 1935 ஆம் ஆண்டில் திரைப்படமானது.