வாஜ்பேயி ஆரோக்யஸ்ரீயின் இறப்புக் கணக்கு: பலன்சார் கட்டணத்தின் கர்நாடக முன்வரலாறு

செய்த சிகிச்சைகளின் எண்ணிக்கைக்கு அன்றி, அவற்றால் நோயாளி பெற்ற நன்மைக்கு ஏற்ப மருத்துவமனைக்குப் பணம் வழங்குவது பலன்சார் கட்டணம் எனப்படும். இந்திய அரசுக் காப்பீட்டில் இம்முறை, தேசிய சுகாதார ஆணையம் 2023 ஜனவரியில் ஐந்து அளவுகோல்களை அறிவித்ததோடு தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. கர்நாடகத்தில் இதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, நீரஜ் சூட் குழுவினர் 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு. அதன் எண்களை ஏற்றுக்கொண்டு, அவற்றுக்குத் தரப்பட்ட விளக்கத்தை இக்கட்டுரை மறுக்கிறது.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு இதயநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கான உயர்சிகிச்சையை இலவசமாக்கிய வாஜ்பேயி ஆரோக்யஸ்ரீ திட்டம், 2010-ல் வட கர்நாடகத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. திட்டம் எட்டிய பகுதியின் எல்லைக்கு இருபுறமும் இருந்த 572 கிராமங்களைச் சூட் குழுவினர் ஒப்பிட்டனர். திட்டத்துக்குள் அடங்கும் நோய்களால் நேர்ந்த இறப்பு, ஏழைக் குடும்பங்களிடையே வடபுறம் 0.32 விழுக்காடாகவும் தென்புறம் 0.90 விழுக்காடாகவும் இருந்தது. திட்டத்தில் இடம்பெறாத வசதியுள்ள குடும்பங்களிடையே அது 0.56, 0.55 என ஏறத்தாழச் சமமாகவே நின்றது. எல்லையின் இருபுறமும் வேறு ஏதேனும் வேறுபாடு இருந்திருந்தால் அது இவர்களிடமும் தென்பட்டிருக்க வேண்டும் என்பதால், ஆய்வின் வலுவான பகுதி இதுவே.

சிக்கல் வேறோர் எண்ணில் இருக்கிறது. இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த அதே ஊர்களில், சிகிச்சைப் பயன்பாடு 44.2 விழுக்காடு கூடியதாக மதிப்பிடப்பட்டாலும், அம்மதிப்பீட்டின் நம்பக வரம்பு 5.1 விழுக்காட்டுக் குறைவிலிருந்து 90.5 விழுக்காட்டு உயர்வு வரை பரந்து கிடக்கிறது. தற்செயலின் பங்கைக் காட்டும் எண் 0.059, வழக்கமான வரம்பாகிய 0.05-ஐ அது மயிரிழையில் தாண்டுகிறது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. கைச்செலவு குறைந்ததும் பயன்பாடு ஒருவேளை கூடியதும் சேர்ந்து இறப்பைக் குறைத்திருக்கலாம் என்று அடக்கமாகவே முடித்தனர். மேற்கோள் காட்டுவோர் அந்த 'ஒருவேளை'யை விட்டுவிடக் கூடாது. ஆயினும் அந்த அடக்கமான விளக்கமும் போதாது. எப்படியும் மருத்துவமனைக்குச் சென்றிருக்கக்கூடியவரின் கைச்செலவு குறைந்தால் அவருடைய கடன் குறையும், நகை அடகிலிருந்து தப்பும். இதய அடைப்பு அதனால் நீங்கிவிடாது. சென்றவர் தொகை பெரிதாகக் கூடவில்லை என்றால், யார் சென்றார், எங்கே சென்றார் என்பவைதாம் மாறியிருக்க வேண்டும்.

பட்டியலில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளுக்கு மட்டுமே இத்திட்டத்தில் பணம் கிடைத்தது. அவை ஊர்களில் முகாம் நடத்தி நோயாளிகளைக் கண்டறிந்தன. பெரிய சிகிச்சைகளுக்குத் திட்டத்தை நடத்திய அறக்கட்டளையின் முன்னனுமதி தேவைப்பட்டது. எனவே இறப்புக் குறைவுக்குக் காரணம், தகுந்த நோயாளி தகுந்த இடத்துக்கு அனுப்பப்பட்டதே எனக் கொள்வது பொருத்தமாகும். இதற்கு நேரடிச் சான்று குறைவு என்றாலும், பயன்பாட்டின் எண்ணோடு முரண்படாத விளக்கம் இது. கட்டணமுறையைத் தனியே நோக்கினால், அது பலனுக்கானதன்று. ஓர் அறுவைக்கு இவ்வளவு என முன்கூட்டியே வரையறுத்த தொகுப்புக் கட்டணம். அது ஒவ்வொரு சிகிச்சையின் விலையைக் கட்டுப்படுத்துமேயன்றி, சிகிச்சைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாது. தொகுப்புக் கட்டணம் 2003-லேயே கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கான யஷஸ்வினி திட்டத்தில் இருந்ததால், முன்வரலாற்றின் தொடக்கத்தை ஓர் ஆண்டில் நிறுத்துவதும் எளிதன்று.

கோலார் மாவட்டம் அந்த எல்லைக்குத் தெற்கே வெகு தொலைவில் இருந்ததால் முதற்கட்டத்தில் சேரவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் அம்மாவட்டத்தின் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின், அங்குள்ள ராபர்ட்சன்பேட்டையிலும் தொழிலாளரின் லைன் வீடுகளிலும் எஞ்சிய தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரகக் கூட்டுறவை அடிப்படையாகக் கொண்ட யஷஸ்வினியும் பொருந்தவில்லை. ஆனால் செலவையும் பலனையும் ஒரே கணக்கில் சேர்த்த ஏற்பாடு இங்கேதான் முன்பு இருந்தது. கல்தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய் இச்சுரங்கத் தொழிலாளரிடையே 1934-லேயே பதிவானது. 1940-ல் வந்த மைசூர் சிலிகோசிஸ் விதிகள் அதை இழப்பீட்டுக்குரிய நோயாக்கின. சுரங்கக் கம்பெனியின் ஆஸ்பத்திரியை நடத்தியதும் இழப்பீட்டுக்குப் பொறுப்பேற்றதும் ஒரே நிர்வாகமாதலால், தூசியைக் குறைத்தால் அதன் செலவும் குறையும். இதைப் பலன்சார் கட்டணத்தின் முன்னோடி என்பது மிகையாகாது. நோயாளியைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் அதே செலவு குறையும் என்பது இவ்வேற்பாட்டின் கூடப்பிறந்த குறை.

2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகத் திட்டம் சிகிச்சைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேறு வழியைக் கையாண்டது. அவசர நிலை தவிர, நோயாளி முதலில் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே வசதி இல்லையெனில்தான் பரிந்துரைச் சீட்டோடு தனியாருக்குப் போகலாம். ராபர்ட்சன்பேட்டை நோயாளிக்குக் கோலாருக்கோ பெங்களூருக்கோ செல்லும் வழி இந்தச் சீட்டின் வழியாகவே திறக்கிறது. 2014 ஆய்வுக்கு இங்கே தரப்பட்ட விளக்கம் சரியானால், இச்சீட்டின் வேலை சிக்கனம் மட்டுமன்று. அனுப்புமிடம் தவறினால் பலனும் தவறும்.

2023-ன் ஐந்து அளவுகோல்கள், பயனாளியின் நிறைவு, மருத்துவமனையில் மீண்டும் சேர்க்கப்படுவோர் விகிதம், கைச்செலவு, உறுதிப்பட்ட புகார்கள், வாழ்க்கைத்தர முன்னேற்றம் என்பன. இறுதியாக உள்ளதே பலனை நேரடியாக அளப்பது. தங்கவயலின் பழைய தொழிலாளர் விஷயத்தில் இடறுவதும் அதுவே. சிலிகோசிஸ் குணமாவதில்லை, நல்ல சிகிச்சை மூச்சுத்திணறலை ஓரளவு தணிக்குமேயன்றி நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. இத்தகையோரை ஏற்கும் மருத்துவமனை முன்னேற்றக் கணக்கில் பின்தங்கும். திருப்பி அனுப்பும் மருத்துவமனை முன்னே நிற்கும். பிரிட்டன் 2004-ல் குடும்ப மருத்துவர்களின் வருவாயைத் தர இலக்குகளோடு இணைத்தபோது, அளவுகோலுக்குப் பொருந்தாத நோயாளிகளைக் கணக்கிலிருந்து விலக்க மருத்துவருக்கு இடமளித்தது. அந்த விலக்கே தவறாகப் பயன்படலாம் என்ற ஐயம் அங்கும் எழுந்தது. விலக்குவதைவிட, நோயின் கடுமைக்கு ஏற்ப எதிர்பார்க்கும் முன்னேற்றத்தையே குறைத்து வைப்பது இங்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. அதற்குச் சேர்க்கையின்போதே ஒவ்வொரு நோயாளியின் நிலையும் அளந்து பதியப்பட்டிருக்க வேண்டும்.