பாம்புக்கல்லும் நான் எழுதிய கட்டுரையும்

1996ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பத்திரிகையின் வாரமலரில், வன்னிக் கிராமம் ஒன்றில் வாழ்ந்த விசகடி வைத்தியர் ஒருவரைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, நிருபராகச் சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. வைத்தியரிடம் கருமையான, பளபளப்பான கல்லொன்று இருந்தது. பாம்பு தீண்டிய வாயில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், விஷத்தை உறிஞ்சியதும் தானாகவே விழும் என்றார். குணமடைந்தவர்களின் பெயர்கள் நிறைந்த பழைய கொப்பியொன்றையும் காட்டினார். எவரிடமும் அவர் காசு வாங்குவதில்லை. காசு வாங்காதவர் பொய் சொல்ல மாட்டார் என்பது அன்றைய என் தர்க்கம். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறு வருடம் ஒரு வாசகரின் கடிதம் வந்தது. வயற்காவல் கொட்டிலில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த அவருடைய தந்தையை இரவில் கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. என் கட்டுரையை வாசித்திருந்தபடியால் அந்த வைத்தியரிடமே கொண்டு சென்றார்கள். கல் ஒட்டியது, சிறிது நேரத்தில் விழுந்தது. விஷம் இறங்கிவிட்டதென எண்ணி விடியும்வரை அங்கேயே இருந்தார்கள். விடியற்காலையில் தந்தையின் கண்ணிமைகள் தாமாகவே மூடத் தொடங்கின. வைத்தியசாலையை அடையுமுன் மூச்சு நின்றுவிட்டது. கடிதத்தில் கோபம் இருக்கவில்லை. அந்தக் கல்லைப் பற்றி நான் தீர விசாரித்துத்தான் எழுதினேனா என்று மட்டுமே கேட்டிருந்தார்.

நான் விசாரித்திருக்கவில்லை. விசாரணையைப் பிறகுதான் தொடங்கினேன். அந்தக் கல்லின் வரலாறு மிகப் பழையது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இத்தாலிய மருத்துவரான பிரான்செஸ்கோ ரெடி, கீழைத்தேசங்களிலிருந்து துறவிகள் கொண்டு சென்ற பாம்புக்கற்களைப் பிராணிகளில் பரிசோதித்துப் பார்த்தார். அவை பயனற்றவை என்று 1671இல் எழுதி வெளியிட்டார். இலங்கையில் 1816 முதல் 1820 வரை இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி, விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி. பாம்புகளைக் கோழிகள்மீது கடிக்கவிட்டு, நடந்தவற்றைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டவர். அவரும் பாம்புக்கற்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்று அரைகுறையாக எரிக்கப்பட்ட எலும்புத் துண்டு. அந்த விபரம் 1821இல் அவர் வெளியிட்ட நூலில் உண்டு.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பதிவு செய்த சம்பவமே என்னை அதிகம் பாதித்தது. 1854 மார்ச்சில், பிந்தென்னைப் பகுதியின் காட்டுப் பாதையொன்றில் அரசாங்க உத்தியோகத்தர்கள் சிலர் குதிரையில் சென்றுகொண்டிருந்தார்கள். எதிரே வந்த இரு தமிழர்களில் ஒருவர் காட்டுக்குள் பாய்ந்து, நாகபாம்பொன்றைக் கையால் பிடித்து வந்தார். அதைக் கூடையில் அடைக்க முயன்றபோது அது அவரது விரலைக் கவ்வியது. மற்றவர் தம் இடுப்புத் துணியிலிருந்து இரண்டு கருங்கற்களை எடுத்து, பல் பதிந்த இடங்களில் வைத்தார். அவை மூன்று நான்கு நிமிடங்கள் ஒட்டியிருந்து விழுந்தன. கடியுண்டவர் விரல்களை நெட்டி முறித்துவிட்டுத் தம் வழியே போய்விட்டார். இக்கல்லின் பாவனையைச் சிங்களவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த பாம்பாட்டிகளாக இருக்கலாம் என்பது டெனன்டின் ஊகம்.

நேரில் கண்டவர் சொன்னதை டெனன்ட் எழுதினார். நானும் அதையே செய்தேன். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. கல்லொன்றை மைக்கேல் பரடேயிடம் ஆய்வுக்குக் கொடுத்தார். அது கரியாக்கப்பட்ட எலும்பு என்றும், இரத்தத்தில் பல தடவைகள் ஊறவைத்து மீண்டும் கரியாக்கப்பட்டிருக்கலாம் என்றும் பரடே தெரிவித்தார். எலும்புக்கரியில் நுண்துளைகள் நிறைய உண்டு. ஈரமான எதன்மீது வைத்தாலும் ஒட்டும். ஈரத்தால் நிரம்பியதும் விழும். ஊசி போன்ற பல்லால் தசைக்குள் ஏற்றப்பட்ட விஷத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் கொப்பியில் இருந்த பெயர்கள்? எங்கள் நாட்டில் மனிதரைக் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை உயிராபத்தற்றவை. விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடிக்கும். அப்படித் தப்பியவர்கள் கல்லைப் புகழ்ந்து கொப்பியில் ஒப்பமிட்டார்கள். தப்பாதவர்களுக்கு ஒப்பமிட வாய்ப்பிருக்கவில்லை. கட்டுவிரியன் விடயத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. அதை எட்டடி விரியன் என்றும் அழைப்பர். தீண்டினால் எட்டு அடி வைக்குமுன் உயிர் போகும் என்பது பேச்சுவழக்கு. உண்மையில் அதன் கடி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. விஷம் நரம்புகளை முடக்கச் சில மணித்தியாலங்கள் எடுக்கலாம். எட்டு அடியைத் தாண்டி நடந்தவரைப் பிழைத்துவிட்டார் என்று வீட்டார் நம்பிவிடுவார்கள்.

மெய்யான மருந்து 1890களில் வந்தது. சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் அல்பேர் கல்மெத், பிரான்ஸ் திரும்பிய பின்னர், பிராணிகளுக்குச் சிறிது சிறிதாக விஷமேற்றி அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தைத் தயாரித்தார். இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாக இந்திய மருந்தையே நம்பியிருக்கின்றன. அதற்கான விஷத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள் செங்கல்பட்டுப் பகுதியின் இருளர்கள். 1972இல் வந்த வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரத்தை இழந்த அவர்கள், 1978இல் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பாம்புகளைப் பிடித்து, விஷமெடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அம்மருந்து உண்டு. எங்கள் தோட்டங்களில் அதிகம் கடிக்கும் கோப்பி விரியனுக்கு அது உதவாது. மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால் வைத்தியசாலைக்கு வெளியே ஏற்றவும் இயலாது.

2012–2013இல் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பின்படி, ஒரே வருடத்தில் 80,000க்கும் அதிகமானோரைப் பாம்பு கடித்திருக்கிறது. ஏறத்தாழ 30,000 பேரில் விஷம் ஏறியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் ஊர் வந்து, வயல்வெளியும் குளக்கட்டும் காட்டுக்கோயிலும் பார்க்க விரும்பும் வாசகர்கள் அஞ்சி வீட்டுக்குள் இருக்கவேண்டியதில்லை. இருட்டியபின் ரோச் லைட் இல்லாமல் முற்றத்துக்கும் இறங்காதீர்கள். புல்லிலும் சருகிலும் நடக்கையில் கணுக்காலை மூடும் சப்பாத்து அணியுங்கள். விறகுக் குவியலிலும் கறையான் புற்றிலும் கைவிடாதீர்கள். நிலத்தில் படுப்பதைத் தவிர்த்து, நுளம்பு வலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிப் படுங்கள். கடித்துவிட்டால் பாம்பைத் துரத்தவோ, காயத்தைக் கீறவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே பெரிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வலி இல்லை என்பதற்காக விடியும்வரை பொறுத்திருக்காதீர்கள்.

கடிதத்துக்கு நான் பதில் எழுதினேன். கட்டுரைக்கு மறுப்பு எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன்; இடமில்லை என்று அது வெளிவரவில்லை. சில வருடங்களுக்கு முன் அக்கிராமத்துக்கு மீண்டும் போனேன். வைத்தியர் காலமாகிவிட்டார். கல் மகனிடம் இருந்தது. இப்போது யாராவது வந்தால் முதலில் ஓட்டோவைக் கூப்பிடுவதாகவும், அது வந்து சேரும்வரை அவர்களின் மனத்தைரியத்துக்காக மட்டும் கல்லை வைப்பதாகவும் அவர் சொன்னார். அந்த ஓட்டோக்காரரும் உடனிருந்தார். பெரிய வைத்தியசாலைக்கு நாற்பது நிமிடம், மழைக்காலத்தில் ஒரு மணித்தியாலம் என்றார்.